நாலு விரல் சந்து

"மாமா, சன்னலுக்குக் கம்பி வலை போடணுமாம். தண்ணி டிரம்முக்கு மூடி வேணுமாம், இல்லாட்டி குட்டி உள்ள விழுந்துருமாம். ஊசி நூலெல்லாம் டப்பாவுக்குள்ள போயிரணுமாம். எலி மருந்து வீட்டுல இருக்கவே கூடாதாம். செவத்துல ஒரு ஓட்டை விடாம அடைக்கணுமாம்."

மருமகள் மாரீஸ்வரி போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனாள். பிரம்மநாயகம் அதுவரை பாதிக் காதோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். கடைசி வரி வந்ததும் காலைக் கீழே போட்டார்.

"கடைசியாச் சொன்னதத் திருப்பிச் சொல்லு."

"செவத்துல ஓட்டை இருந்தா அடைக்கணும். குட்டி பூந்து மாட்டிக்கிடுமாம்."

"சரி. அந்தப் பொம்பளைய வரச் சொல்லு. பூனை எடுப்போம்."

மாரீஸ்வரிக்கு நம்பிக்கை வரவில்லை. மாட்டுங்காவில் ஒரு அம்மா தெருப் பூனைக்குட்டிகளை எடுத்து வளர்த்து நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறார், ரெண்டு வாங்குவோம் என்று அவள் ரெண்டு மாதமாகக் கேட்டுவிட்டாள். மனுசனுக்கே காலை நீட்ட இடமில்லை என்று சொன்ன வாய்தான் இது. இப்போது ஒரே வரியில் சம்மதித்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது. என்ன என்று கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

இருக்கத்தான் செய்தது.

பிரம்மநாயகம் கொத்தனார். தாராவியில் அவர் குடியிருக்கிற சந்தில் நிற்கிற பதினாலு வீடுகளில் ஒன்பது அவர் கரண்டி பட்டு எழுந்தவை. முட்டி தேய்ந்து, சாரம் ஏற முடியாமல் வேலையை விட்டு ஆறு வருசம் ஆகிறது. மூணாங்கிளாசோடு படிப்பு போச்சு. பேசுகிற மனிதன் எவனையும் அவர் நம்பியதில்லை. சுவரை நம்புவார். அதுவும் தான் கட்டிய சுவராக இருந்தால்.

அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது பார்வைக்கு ஒரு சுவர். உண்மையில் ரெண்டு. பக்கத்து வீட்டுச் சுடலைக்கண்ணனின் அப்பன் வீடு கட்டும்போது, இவர் சுவரை ஒட்டி ஒற்றைக்கல் கனத்தில் இன்னொரு சுவர் எழுப்பச் சொன்னான். நடுவில் நாலு விரல் இடைவெளி விழுந்தது. சாந்து ஊற்றி நிரப்புவோம் என்று பிரம்மநாயகம் சொன்னார். உடைந்த கல்லையும் மண்ணையும் போடு, அது போதும் என்றான் அந்தக் கஞ்சன். போட்ட மண் வருசம் போகப் போக இறங்கிவிட்டது. அந்த நாலு விரல் சந்தில் எலிகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. இந்தப் பக்கமும் வாசல் வைத்திருந்தன, அந்தப் பக்கமும் வைத்திருந்தன.

எலி சாகிற சாதி இல்லை, இடம் மாறுகிற சாதி என்பது கொத்தனாருக்குத் தெரியும். இந்தப் பக்க வாசலை அடைத்தால் அம்புட்டும் அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? இட்லி வியாபாரம் செய்கிற சுடலைக்கண்ணனின் அரிசி மூடையும் உளுந்து மூடையும் மாவுச் சட்டியும்.

அதற்கு இப்போது மாட்டுங்கா அம்மாவே உத்தரவு போட்டிருக்கிறார்.

சுடலைக்கண்ணன் மேல் என்ன கோபம் என்றால், அது மூணு மாதக் கோபம். பிரம்மநாயகத்தின் பெண்டாட்டி பார்வதியம்மாள் ஒன்பது வருசம் ஒரு பூனை வளர்த்தாள். குட்டியம்மா என்று பேர். காலையில் அவள் போடுகிற நெத்திலியைத் தின்றுவிட்டு, கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாகச் சுடலைக்கண்ணன் வீட்டில் இறங்கி, உளுந்து மூடை மேல் படுத்துத் தூங்கும். ஒருநாள் மத்தியானம் தள்ளாடிக்கொண்டு வந்து, பார்வதியம்மாளின் மடியருகே நீலமாகக் கக்கிவிட்டு, கால்களை நீட்டிச் செத்துப்போனது. கக்கியதைக் குனிந்து பார்த்தவர் பிரம்மநாயகம்தான். எலி மருந்தின் நீலத்துக்கு நடுவில் தேங்காய்ப்பல் கிடந்தது. உளுந்துவடையில் தேங்காய்ப்பல் கீறிப் போடுகிறவள் அந்தச் சந்தில் ஒருத்திதான், சுடலைக்கண்ணன் பெண்டாட்டி.

சந்துமுனையில் நாலு பேரைக் கூட்டிக் கேட்டார். சுடலைக்கண்ணன் தயங்கவே இல்லை. அங்கே இருந்த சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் வெற்றிலையில் சூடத்தை ஏற்றி, மருந்து நான் வைக்கவில்லை என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அத்தோடு பேச்சு முடிந்தது. சூடம் அணைத்தவனை மறுபடி கேட்பது மாடனையே பொய்யன் என்று சொல்வதுபோல. ஊர் வழக்கம் அது. பம்பாய் வந்து அறுபது வருசமாகியும் அதை யாரும் தாண்டியதில்லை. பிரம்மநாயகத்தின் வாயை அடைக்க அந்த ஒரு கட்டிச் சூடம் போதுமானதாக இருந்தது.

அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். பார்வதியம்மாள் அந்தச் சூடத்தை நம்பிவிட்டாள், அதுதான் பொறுக்கவில்லை.

"சூடத்த அணைச்சவன் பொய் சொல்லுவானா? அவன் பேருலயே மாடன் இருக்கான். அன்னைக்கு நான் போட்ட நெத்திலிதான் கெட்டுப்போயிருக்கு. எங் கையாலேயே கொன்னுட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவள், அதற்குப் பிறகு வீட்டில் மீனே வாங்கவில்லை. காலையில் தன்னையறியாமல் பூனைத் தட்டை எடுப்பாள். கையில் பார்த்ததும் திருப்பி வைப்பாள். இதை மூணு மாதமாகத் தினம் பார்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர். ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் பக்கத்து வீட்டுச் சுவரை ஒருதரம் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா அம்மா வந்தார். பேர் ஷ்யாமளா. பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பைக் கழற்றிய கையோடு தண்ணி டிரம்மைத் தட்டிப் பார்த்தார். மாடிக்குப் போகிற இரும்பு ஏணியில் படிகளுக்கு நடுவில் எத்தனை இடைவெளி என்று சாண் வைத்துப் பார்த்தார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"எங் கட்டிலுக்கடியில போலீஸ்காரன்கூட குனிஞ்சு பாத்ததில்லம்மா" என்றார் பிரம்மநாயகம்.

"போலீஸ்காரன் குட்டி குடுக்க வரலையே, மாமா. இந்த மூலையில மூணு ஓட்டை இருக்கு. அலமாரிக்குப் பின்னாடி எத்தனையோ."

"மொத்தம் பதினொண்ணு. நானே எண்ணி வெச்சிருக்கேன். ஒண்ணு விடாம அடைச்சிருதேன்."

"ரெண்டு குட்டியா எடுத்துக்கணும். ஒண்ணா வளந்ததுகளைப் பிரிக்க மாட்டேன். முதல் பத்து நாள் ஒரே ரூம்ல வெச்சுக்கணும். வாசல் திறந்தா ஒருத்தர் கதவுகிட்ட நிக்கணும். ஆறு மாசத்துல ஆபரேஷனுக்கு நானே அழைச்சிண்டு போவேன். சரியா?"

பெண் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் இத்தனை கேட்டதில்லை. வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். முலுண்டில் வேலைக்குப் போயிருந்த மகன் இசக்கியப்பனுக்கு அந்த அம்மா போன் போட்டுச் சம்மதம் கேட்டார். அவன் இந்தியில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் சரி என்றான். மாரீஸ்வரி தைக்கிற ஊசிகளுக்கெல்லாம் பூட்டு டப்பா வாங்கியாச்சு என்று எடுத்துக் காட்டினாள். கடைசியாகப் பார்வதியம்மாள் பக்கம் திரும்பினார்.

"மாமி, நீங்க என்ன சொல்றேள்?"

பார்வதியம்மாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு வேண்டாம்மா" என்றாள். "எங் கை பூனைக்கு ஆகாது. ஒண்ணைக் கொன்ன கை."

ஷ்யாமளா காகிதத்தை மடித்தார். பிறகு பைக்குள் பேனாவைப் போட்டார். "ஆத்துல ஒருத்தருக்கு மனசில்லேன்னாலும் நான் குடுக்கறதில்லை. பதினஞ்சு நாள் கழிச்சு வரேன். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்கோ."

அந்த அம்மா போனபிறகு பிரம்மநாயகம் சிமெண்டு வாங்கப் போனார்.

ரெண்டு நாள் வேலை. பழைய பாட்டில்களைச் சாக்கில் போட்டு இடித்து, அந்தச் சில்லைச் சாந்தில் கலந்தார். வெறும் சிமெண்டை எலி ஒரு மாதத்தில் அறுத்துவிடும். சில்லு கலந்ததை அறுத்தால் வாய் கிழியும். முட்டி வலிக்கு ஒரு தலையணையைக் கீழே போட்டு மண்டியிட்டு, ஓட்டை ஓட்டையாக அடைத்தார். அடைக்கிற ஒவ்வொன்றுக்கும், "போ, அவன்கிட்டப் போ" என்று உள்ளே சொல்லி அனுப்பினார். அலமாரிக்குப் பின்னால் கடைசி ஓட்டையைப் பூசி, ஈரத்துணியால் வழித்து, தூர நின்று பார்த்தபோது, ஆறு வருசத்தில் இல்லாத சந்தோசம் அவர் முகத்தில் இருந்ததை மாரீஸ்வரி பார்த்தாள். குட்டி வருகிற சந்தோசம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் டீ குடிக்கும்போது முதல் சத்தம் வந்தது. சுடலைக்கண்ணன் பெண்டாட்டி எதையோ எதன் மேலோ எறிந்தாள். மறுநாள் உளுந்து மூடை ஓரத்தில் கிழிந்து கொட்டியது. அதற்கு மறுநாள் மாவுச் சட்டியின் மூடி தள்ளிக் கிடந்தது. சட்டி மாவு அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினார்கள். பிரம்மநாயகம் சுவரில் முதுகைச் சாய்த்து, டம்ளரை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் கேட்டார். சர்க்கரை குறைந்திருந்தாலும் அந்த வாரம் டீ இனித்தது.

சுடலைக்கண்ணன் மருந்து வைத்துப் பார்த்தான். தின்ற எலிகள் சுவர்ச் சந்துக்குள் போய்ச் செத்தன. நாற்றம் திறந்த பக்கமாகத்தான் வரும். இந்தப் பக்கம் ஒரு துளி வரவில்லை. மாட்டுங்காவில் ஒரு பெரிய கட்டடத்தில் அவனிடம் இட்லி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று மாரீஸ்வரி சொன்னாள்.

"பாவம், மாமா" என்றாள்.

"எது பாவம்?" என்று மட்டும் கேட்டார்.

பத்தாம் நாள் அவனே வந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். ஐம்பது வயதுக்காரன், பத்து நாளில் அறுபது ஆகியிருந்தான்.

"அண்ணாச்சி, நீங்க உங்க பக்கம் அடைச்சுட்டீங்களாமே."

"பூனைக்குட்டி வருது. அடைக்கச் சொன்னாங்க. அடைச்சேன்."

"எம் பக்கமும் அடைச்சுக் குடுங்க, அண்ணாச்சி. வேற கொத்தனாரக் கூட்டி வந்தேன், அவனுக்கு இந்தச் செவரு பிடிபடல. இது உங்க கைச் செவரு."

பிரம்மநாயகம் அவனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். "போ லே" என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தலாம். அதைத்தான் பத்து நாளாக நினைத்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பார்வதியம்மாள் பூனைத் தட்டைத் தெரியாமல் எடுத்துத் திருப்பி வைக்கிற சத்தம்.

இவன் சாக்கடையில் ஊற்றிய மாவால் அந்தத் தட்டு நிறையவில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். இவன் வாயால் வரவேண்டும்.

"நாளைக்குக் காலைல வாரேன். சித்தாள் கெடையாது. நீதான் சாந்துச் சட்டி பிடிக்கணும். பாட்டில் இடிச்சு வெச்சிரு. உங்கிட்ட இருக்கிற எலி மருந்து அம்புட்டையும் ஒரு பையில போட்டு எங்கிட்டக் குடுத்துரு."

மறுநாள் கிளம்புமுன் தன் வீட்டு அலமாரியை ஓர் அடி நகர்த்தினார். பூசி எட்டு நாள் ஆன ஓட்டையை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் தரையோரம் ஒரு செங்கல்லைச் சுற்றிலும் கொத்தி முழுதாக உருவினார்.

"அடைச்சதை ஏன் தொறக்கீங்க?" என்றாள் பார்வதியம்மாள்.

"நான் அந்தப் பக்கம் அடைக்கும்போது வெளிச்சம் இங்க தெரியுதான்னு பாக்கணும். நீ இங்கயே மணையப் போட்டு உக்காரு. தெரிஞ்சாலும் தெரியாட்டியும் வாயத் தொறக்காத. நான் கூப்பிட்டாச் சொன்னாப் போதும்."

"வாயத் தொறக்காம எப்படிச் சொல்லுவேன்?"

"ஏட்டி, சொன்னதச் செய்யி."

சுடலைக்கண்ணன் வீட்டில் மூடைகளை நகர்த்தியதும் சுவர் தெரிந்தது. பன்னிரண்டு ஓட்டை. கண்ணாடிச் சில்லு இடித்ததில் அவன் விரல்கள் அங்கங்கே கீறியிருந்தன. பெண்டாட்டியைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டான். பிரம்மநாயகம் மண்டியிட்டார், அவன் சட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தினான். "சட்டிய எறக்கிப் பிடி. சாந்து சிந்துது பாரு. ஒங்கப்பன் காசுன்னா சிந்துவியா?" என்று பழைய கொத்தனார் வாயோடு ஏவினார். அவன் ஏவியபடியெல்லாம் செய்தான். ஒன்று, ரெண்டு என்று பதினொன்றுவரை அடைத்தாயிற்று.

பன்னிரண்டாவது தரையோரம் இருந்தது. அதற்கு நேர் எதிரே, நாலு விரல் தள்ளி, உருவிய செங்கல்லின் இடம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மணை. பிரம்மநாயகம் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தார்.

"இது ஒண்ணுதான் அண்ணாச்சி பாக்கி. பூசி விட்டுருங்க."

"பூசலாம். குட்டியம்மாவுக்கு வடை வெச்சது யாரு?"

சுடலைக்கண்ணன் சட்டியைப் பார்த்தான். "அது சூடம் அணைச்சு முடிஞ்ச பேச்சு."

"அது அங்க, நாலு பேருக்கு முன்னால. இங்க நீயும் நானும் சாந்தும்தான். சாந்து இன்னும் கால் மணி நேரத்துல இறுகிரும். பொறவு நான் எந்திரிச்சுப் போயிருவேன். பதினோரு வாசல் அடைச்சாச்சு. உள்ள இருக்கிற அம்புட்டுக்கும் இனி இது ஒண்ணுதான் வாசல். அம்புட்டும் இது வழியாத்தான் வரும். உளுந்து மூடைய எங்க வைக்கணும்னு நீயே பாத்துக்கோ."

சுவர்ச் சந்துக்குள்ளே ஏதோ ஓடி நின்றது. பிரம்மநாயகம் அவசரப்படவில்லை. சுவர் காய்வதற்குக் காத்திருந்து பழகிய மனிதர். கரண்டி நுனியில் ஒட்டிய சாந்தை விரலால் நசுக்கிப் பார்த்தார். "இறுகுது" என்றார்.

"தெனமும் மூடையில ஏறி மூத்திரம் அடிச்சுது, அண்ணாச்சி."

"அடிச்சிருக்கும். பூனைதான."

"எத்தன நாளு வெரட்டுவேன். வியாபாரம் பண்ற சாமான்."

"அதனால?"

"அதனாலதான்."

"அதனாலதான்னா என்ன? எனக்குக் காது மந்தம். ஓட்டைப் பக்கமாக் குனிஞ்சு சொல்லு, செவரு தூக்கிக் குடுக்கும்."

சுடலைக்கண்ணன் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டான். "நாந்தான் வெச்சேன். மருந்த வடைக்குள்ள பிச்சு வெச்சேன். கையில குடுத்தேன், வாங்கித் தின்னுச்சு. போதுமா?"

போதும் என்று பிரம்மநாயகம் சொல்லவில்லை. அவர் கரண்டியை எடுக்குமுன் ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, மெதுவாக.

"சுடலை. அப்போ அந்த நெத்திலி நல்ல நெத்திலிதானா?"

சட்டி கைநழுவிச் சாந்து அவன் காலில் கொட்டியது. ஒரு நிமிடம் மாடனே பேசுகிறான் என்றுகூட நினைத்திருப்பான்.

"மைனி" என்றான்.

"நெத்திலி நல்லாத்தான் இருந்துதா?"

"நெத்திலிக்கு ஒண்ணும் இல்ல, மைனி. எல்லாம் எங் கைதான்."

அந்தப் பக்கம் அழுகிறாளோ என்று பிரம்மநாயகம் காதை வைத்தார். அழவில்லை. மணையை இழுக்கிற சத்தம் வந்தது. பிறகு, "பூசி விடுங்க" என்றாள். புருசனிடம் சொன்னாளா அவனிடம் சொன்னாளா தெரியவில்லை.

பிரம்மநாயகம் சிந்திய சாந்தை வழித்தெடுத்து அந்த ஓட்டையை அடைத்தார். கோணல் இல்லாமல், தன் வீட்டுக்குச் செய்வதுபோலவே செய்தார். வேலை வேறு, பகை வேறு. எழுந்து கையைக் கழுவினார். எலி மருந்துப் பையை எடுத்துக்கொண்டார்.

"வெளிய சொல்லிராதீங்க, அண்ணாச்சி" என்றான் சுடலைக்கண்ணன். "சூடம் அணைச்சிருக்கேன். தெரிஞ்சா ஒருத்தன் எங் கையால இட்லி வாங்க மாட்டான்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொல்லவும் இல்லை.

பதினைந்தாம் நாள் ஷ்யாமளா ஒரு கூடையோடு வந்தார். சன்னல் வலையை இழுத்துப் பார்த்தார், டிரம் மூடியை அழுத்திப் பார்த்தார், உருவிய செங்கல்லைத் திரும்ப வைத்துப் பூசியிருந்த சுவரோரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். "இத்தனை நன்னா யாரும் அடைச்சு நான் பாத்ததில்லை" என்றார். பக்கத்து வீட்டில் மருந்து இருக்கிறதா என்று கேட்டதற்கு, பிரம்மநாயகம் அந்தப் பையை எடுத்து நீட்டினார். "எல்லாத்தையும் வாங்கிட்டேன். இனி அவன் வைக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

"மாமி?"

பார்வதியம்மாள் பதில் சொல்வதற்குப் பதிலாகக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். ஒரு வெள்ளை, ஒரு வரிக்குட்டி. வெள்ளை முதலில் வெளியே வந்து அவள் விரலை மோந்தது. அடுப்படியில் அன்று மூணு மாதத்துக்குப் பிறகு நெத்திலி வெந்துகொண்டிருந்தது. அதன் வாசம் அந்த விரலில் இருந்தது.

ஷ்யாமளா காகிதத்தை எடுத்தார். "பேர் வெச்சாச்சா?"

"வெச்சாச்சும்மா" என்றாள் பார்வதியம்மாள். "வெள்ளைக்குச் சூடம். இது சத்தியம்."

மாரீஸ்வரி சிரித்துவிட்டாள். "என்ன அத்தை, இப்படி ஒரு பேரு?"

"வெள்ளையா இருக்கு, சூடம். இன்னொண்ணுக்கு வாயில வந்துச்சு, வெச்சேன்."

பிரம்மநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. பெண்டாட்டியை ஒருதரம் பார்த்தார். நாற்பத்தைந்து வருசம் கூடக் குடித்தனம் செய்தும் இவளைச் சரியாக எடைபோடவில்லை என்று தோன்றியது. தன் வேலை எலியோடு நின்றுவிட்டது. இவள் வேலை இனிமேல்தான்.

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்குச் சுடலைக்கண்ணன் இட்லிக் கூடையைச் சைக்கிளில் ஏற்றிக் கட்டுவான். அந்த நேரத்துக்குத்தான் பார்வதியம்மாள் சன்னலைத் திறப்பாள். வலைக்குப் பின்னால் ரெண்டு குட்டிகளும் ஏறி உட்காரும். அவள் தட்டில் நெத்திலியைப் போட்டு, சந்து முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிடுவாள்.

"சூடம்! ஏ சத்தியம்! வாங்க, வந்து தின்னுங்க. நல்ல நெத்திலி."

சுடலைக்கண்ணன் நிமிர மாட்டான். கயிற்றை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டுவான். சந்தில் உள்ள பிள்ளைகளும் அந்தப் பேர்களைப் பழகிவிட்டார்கள். சைக்கிள் திரும்பும் மூலைவரை அவன் பின்னாலேயே கத்திக்கொண்டு போகிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

பிரம்மநாயகம் சுவரில் முதுகைச் சாய்த்து டீயைக் குடிக்கிறார். சுவருக்குள் ஒரு சத்தமும் இல்லை.